விக்கியில் எடுத்துப் புத்தகம் போடுகிறவர்களுக்கு

விக்கிப்பீடியா கட்டுரையை எடுத்துப் புத்தகமாகப் போட்டு விற்கலாமா என்று அடிக்கடி யாராவது என்னிடம் கேட்கிறார்கள். விற்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பைசா கட்ட வேண்டாம், என்ன விலை வைப்பது என்பதும் உங்கள் விருப்பம். போட்டித் தேர்வுக் கைடு, சுற்றுலாக் கையேடு, யூடியூப் சேனல், செயலி, காலண்டர் எதுவானாலும் சரி. பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று: எழுதியவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும், மாற்றி எழுதியிருந்தால் அந்த மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அரைப் பக்கம் காகிதம் போதும். அந்த அரைப் பக்கத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் ஊர் ஏரியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியிருக்கிறேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடத்தை எங்கள் பக்கம் கலங்கல் என்போம்; கலிங்கு என்றும் எழுதுவார்கள், தெற்கே போனால் மறுகால். கட்டுரையில் மூன்றையும் சேர்த்துப் போட்டு, மதகு ஒவ்வொன்றையும் படம் எடுத்து, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் (விக்கிமீடியா காமன்ஸ்) ஏற்றினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கடையில் கைடு ஒன்றைப் புரட்டினால், மூன்றாம் மதகின் படம், ஓரத்தில் சுவரில் சாய்த்து வைத்த என் சைக்கிளின் கைப்பிடியோடு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் என் பத்திகள், கலங்கல் உட்பட. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், இந்நூலின் எந்தப் பகுதியையும் பதிப்பாளரின் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்று தடித்த எழுத்து. அவர் விற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, விற்கட்டும் என்றுதான் அந்த உரிமத்தில் விட்டேன். எல்லோருக்கும் என்று விட்டதை வாங்கி, இனி யாரும் எடுக்கக் கூடாது என்று பூட்டியதுதான் மனதைத் தைத்தது. அந்தப் பதிப்பாளரிடம் பேசியபோது அவருக்கு உரிமம் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பது புரிந்தது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: எதை எடுக்கிறீர்கள், அது எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்ப்பது

இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் எடுத்துப் போடக் கிடைப்பது அல்ல. ஒருவர் தன் வலைப்பதிவில் ஒன்றுமே சொல்லாமல் எழுதி வைத்திருந்தால் அதன் முழு உரிமையும் அவருடையது, தொடக்கூடாது. உரிமம் வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் இந்தப் பேச்சே.

அப்படி எழுதியிருப்பதில் பெரும்பாலானது கிரியேட்டிவ் காமன்ஸ் குடும்பம், சுருக்கமாக சிசி (CC). 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வந்தன, இப்போது புழக்கத்தில் இருக்கும் 4.0 பதிப்பு 2013இல் வந்தது. இதில் நான்கு துண்டுகள் தெரிந்தால் போதும். பை (BY) என்றால் பெயரைச் சொல். எஸ்ஏ (SA) என்றால் மாற்றினால் அதே உரிமத்தில் பகிர். என்சி (NC) என்றால் வணிகத்துக்குக் கிடையாது. என்டி (ND) என்றால் மாற்றியதை வெளியிடாதே. நீங்கள் விற்கப் போகிறீர்கள் என்றால், என்சி இருக்கும் எதையும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். என்டி இருந்தால் அப்படியே போடலாம், ஆனால் மொழிபெயர்க்கவோ சுருக்கவோ முடியாது, அதனால் கைடு போடுகிறவருக்கு அது பெரும்பாலும் உதவாது. சிசி0 என்று இருந்தால் எந்த நிபந்தனையும் இல்லை; விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கான விக்கித்தரவில் உள்ள தரவுகள் அப்படிப்பட்டவை.

விக்கிப்பீடியாவின் உரை சிசி பை-எஸ்ஏ. 2009 வரை குனூ ஆவண உரிமம் என்ற வேறொரு திறந்த உரிமத்தில் இருந்தது, அப்புறம் பை-எஸ்ஏ 3.0, 2023 ஜூனில் இருந்து 4.0. அகராதியான விக்சனரி, நூல் தொகுப்பான விக்கிமூலம் ஆகியவற்றில் பங்களிப்பாளர்கள் எழுதியதும் இதே வகைதான். நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ள பதில்களும் பை-எஸ்ஏதான், ஆனால் பதில் எழுதிய காலத்தைப் பொறுத்துப் பதிப்பு எண் மாறும். பலரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு மட்டும் வேறு குடும்பம், 2012இல் இருந்து ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமம். அதிலிருந்து மாவட்ட வரைபடம் அச்சிட்டு விற்கலாம், படத்தின் மூலையில் '© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போட்டு, தரவு ஓடிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டு வரைபடம் போடுவதாக இருந்தால் எல்லைக் கோட்டைத் தனியாகச் சரிபாருங்கள், இந்திய எல்லையைத் தவறாகக் காட்டி அச்சிடுவது இங்கே குற்றம், அதை எந்த உரிமமும் காப்பாற்றாது.

இப்போது எல்லோரும் வழுக்கும் இடத்துக்கு வருவோம். கட்டுரையின் உரிமம் வேறு, அதில் இருக்கும் படத்தின் உரிமம் வேறு. விக்கிப் பக்கத்தின் அடியில் பை-எஸ்ஏ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இருந்த ஐந்து படத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு படத்தையும் சொடுக்கி அதன் கோப்புப் பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். பொதுவகத்தில் இருக்கும் படம் என்றால் பெரும்பாலும் பை, பை-எஸ்ஏ, சிசி0, பொதுவுரிமை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும், எல்லாமே வணிகத்துக்கு ஆகும். ஆனால் திரைப்படச் சுவரொட்டி, புத்தக அட்டை, நிறுவனச் சின்னம் போன்றவை பல நேரம் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே நியாயப் பயன்பாடு என்ற பெயரில் ஏற்றப்பட்டிருக்கும். அந்த நியாயம் விக்கிக் கட்டுரைக்கு மட்டும். உங்கள் அட்டைப்படத்துக்கு அது வராது.

பழைய தமிழ் நூல்கள் இன்னொரு கதை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் நூல் பொதுவுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் கூடுதலாக நாட்டுடைமை என்ற வழியும் உண்டு, அரசு குடும்பத்துக்குத் தொகை கொடுத்துவிட்டுப் படைப்பைப் பொதுவாக்கிவிடும். பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். இவற்றை யாரும் பதிப்பிக்கலாம். ஆனால் நீங்கள் தட்டச்சு செய்யாமல் வேறொருவர் பதிப்பில் இருந்து எடுத்தால், அவர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அருஞ்சொற்பொருள், அட்டை ஓவியம் அவருடையவை, மூலம் மட்டும்தான் பொது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பாருங்கள், கோப்பின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கும். அந்த முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் கோப்பைப் பரப்பலாம் என்றுதான் அனுமதி. முதல் வேலையாக அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு வரி வரியாக ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு உட்கார்ந்து சங்கப் பாடலைத் தட்டச்சு செய்தவருக்குக் கிடைக்கிற ஒரே கூலி அந்தப் பெயர்தான், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

எடுக்கும்போதே எழுதி வையுங்கள்

இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பின்னால் வரும் தலைவலியில் பாதி இங்கேதான் தீரும். ஒரு விரிதாளைத் திறந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் படத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தலைப்பு, எழுதியவர் அல்லது எடுத்தவர், இணைய முகவரி, உரிமமும் பதிப்பு எண்ணும், எடுத்த தேதி, என் புத்தகத்தில் எந்தப் பக்கம், என்ன மாற்றினேன். அச்சுக்குப் போகும் முந்தின இரவு இதையெல்லாம் தேட ஆரம்பித்தால் நடக்காது, எந்தப் படம் எங்கே எடுத்தது என்று உங்களுக்கே மறந்திருக்கும்.

தேதி ஏன் என்றால், சிசி உரிமத்தைக் கொடுத்தவர் பிறகு மனம் மாறினாலும் நீங்கள் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை உங்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஃபிளிக்கர் போன்ற படம் பகிரும் தளங்களில் படத்தின் உரிமத்தை அவர் மாற்றிக்கொள்ள முடியும், நாளை போய்ப் பார்த்தால் அங்கே முழு உரிமை என்று இருக்கும். நீங்கள் எடுத்த நாளில் பை-எஸ்ஏதான் இருந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு திரைப்பிடிப்பு இருந்தால் நல்லது.

விக்கிக் கட்டுரை தினமும் மாறக்கூடியது என்பதால், பக்கத்தின் கருவிப் பட்டியலில் உள்ள நிலையான இணைப்பை எடுத்து வையுங்கள், அது நீங்கள் பார்த்த அதே பதிப்பைக் காட்டும். தமிழ்த் தலைப்புள்ள முகவரியை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நான்கு வரிக்கு நீளும், லே-அவுட் போடுகிறவர் அதைப் பார்த்து எரிச்சலில் அழித்துவிடுவார். அதே கருவிப் பட்டியலில் முகவரியைச் சுருக்கித் தரும் வசதியும் கியூஆர் குறியீடு எடுக்கும் வசதியும் இருக்கின்றன. அச்சுப் புத்தகத்துக்கு இந்த இரண்டும் ரொம்பப் பொருத்தம்.

பெயர் போடுவது எப்படி

நன்றி: விக்கிப்பீடியா, படங்கள்: இணையம் என்று போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. இணையம் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை, ஒரு ஆள் வெயிலில் நின்று எடுத்தார்.

விக்கிக் கட்டுரையை எழுதியவர்கள் பத்துப் பேர், இருபது பேர் இருப்பார்கள், அத்தனை பெயரையும் அச்சிட வேண்டும் என்று இல்லை. கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் போதும், அங்கே வரலாற்றுப் பக்கத்தில் எல்லோர் பெயரும் இருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளே அதை ஏற்கின்றன. எழுதுகிறவர்கள் அந்த விதிக்கு ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஆக ஒரு கட்டுரைக்கு இப்படி ஒரு குறிப்பு:

இப்பகுதி தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஏரி' கட்டுரையை (சுருக்கிய முகவரி) அடிப்படையாகக் கொண்டது. எழுதியவர்கள்: விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள். உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (உரிமத்தின் முகவரி). சுருக்கப்பட்டுள்ளது, இரண்டு பத்திகள் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

படத்துக்கு ஆள் பெயர் கட்டாயம். பொதுவகத்தில் ஒவ்வொரு கோப்புப் பக்கத்திலும் பயன்படுத்துவதற்கான பொத்தான் ஒன்று இருக்கும், அழுத்தினால் பெயரும் உரிமமும் சேர்ந்த வரியை அதுவே எழுதித் தரும். பயனர் பெயர் மட்டும் இருந்தால் பயனர் பெயரையே போடுங்கள், வினோதமாக இருந்தாலும் அதுதான் அவர் கேட்ட பெயர். படத்தை வெட்டினாலும் கறுப்பு வெள்ளை ஆக்கினாலும் அதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள்.

எங்கே போடுவது என்பதில் உரிமம் கறாராக இல்லை, அந்த ஊடகத்துக்குப் பொருத்தமான முறையில் இருந்தால் போதும். புத்தகத்தில் படத்தின் கீழே இடம் இல்லையென்றால் கடைசியில் பட விவரம் என்று ஒரு பக்கம் வைத்துப் பக்க எண்ணோடு போடலாம். யூடியூப் என்றால் விவரிப்புப் பகுதியில், முடிந்தால் திரையிலும். ஒலிநூல் என்றால் கடைசியில் வாயால் சொல்லிவிட்டு விவரிப்பில் இணைப்புக் கொடுங்கள். செயலி என்றால் அந்தக் கட்டுரை தெரியும் திரையிலேயே. அமைப்புகள், எங்களைப் பற்றி, சட்டம் என்று மூன்று படி இறங்கிப் போய்ப் புதைத்து வைப்பதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

எழுதியவரே என் பெயர் உங்கள் புத்தகத்தில் வேண்டாம் என்று கேட்டால், முடிந்த அளவு எடுத்துவிட வேண்டும், 4.0 உரிமத்தில் அதுவும் இருக்கிறது. அதேபோல அவர் உங்கள் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறார் என்ற தோற்றம் வரக்கூடாது. விக்கிப்பீடியாவின் பெயரும் உருண்டைச் சின்னமும் வணிகக் குறிகள், அட்டையில் பெரிதாகப் போட்டு விற்க அனுமதி தனியாக வேண்டும்.

என் புத்தகம் முழுவதும் இலவசமாகிவிடுமா?

இந்தப் பயம்தான் பதிப்பாளர்களை மௌனமாக்குகிறது. எஸ்ஏ இருக்கும் ஒரு பத்தியை எடுத்தால் இருநூறு பக்கமும் போய்விடும், எல்லோரும் நகலெடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. விக்கிக் கட்டுரையை மாற்றி, சுருக்கி, மொழிபெயர்த்து, உங்கள் வரிகளோடு பின்னி எழுதினால் அந்தப் பின்னிய பகுதி பை-எஸ்ஏ ஆகிறது. பக்கத்து அத்தியாயம் முழுக்க நீங்களே எழுதியது என்றால் அது உங்களுடையதாகவே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைப்பது தொகுப்பு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. ஃபிளிக்கரில் பை-எஸ்ஏ 2.0 உரிமத்தில் இருந்த ஒரு படத்தை வரைபடப் புத்தக நிறுவனம் ஒன்று அட்டையில் போட்டது, படம் எடுத்தவர் முழுப் புத்தகத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்று வழக்குப் போட்டார். 2015இல் வாஷிங்டன் நகரத்து மாவட்ட நீதிமன்றம், படம் தொகுப்பில் ஒரு பகுதிதான், அதனால் வரைபடங்கள் அந்த உரிமத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. பின்னட்டையில் பெயரும் உரிமமும் போட்டிருந்ததையும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே அந்த நிறுவனம் பெயரைப் போட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உரிமத்தின் வாசகத்தை எப்படிப் படிப்பது என்று தெரிகிறது.

அதனால் எழுதும்போதே பிரித்து வையுங்கள். விக்கியில் இருந்து வருவது தனிப் பெட்டி, தனி அத்தியாயம் அல்லது பின்னிணைப்பு, உங்களுடையது தனி. எது எது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒன்றையும் பை-எஸ்ஏ விக்கி உரையையும் ஒரே கட்டுரையில் கலக்கவே முடியாது, இரண்டும் தன் உரிமத்தைத்தான் கேட்கும், விற்காவிட்டாலும் முடியாது.

தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த நடையில் புதிதாக எழுதுவது என்றால் அது வேறு. ஏரியின் கொள்ளளவு, கட்டிய ஆண்டு, ஊரின் மக்கள்தொகை யாருக்கும் சொந்தம் இல்லை. பத்துச் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டு இது என் நடை என்பதைச் சொல்லவில்லை. விக்கிக் கட்டுரையின் கீழே உள்ள மேற்கோள்களைத் தேடிப் படித்துவிட்டு, திரையை மூடிவிட்டு எழுதுங்கள்.

பூட்டுப் போடாதீர்கள்

எடுத்த பகுதிமேல் உரிமம் தராத புதுத் தடை எதையும் நீங்கள் வைக்க முடியாது. அந்தத் தடித்த எழுத்து எச்சரிக்கை இங்கேதான் தவறாகிறது. நூல் விவரப் பக்கத்தில் அதை இப்படி மாற்றினால் போதும்:

12, 47 முதல் 61 வரையுள்ள பக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்திலும், விவரப் பட்டியலில் குறித்துள்ள படங்கள் அங்கே சொல்லியுள்ள உரிமங்களிலும் உள்ளன, அவற்றை அந்தந்த நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம். மற்ற பகுதிகளின் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு.

மின்னூல் என்றால் நகலெடுக்க முடியாமல் செய்யும் டிஆர்எம் பூட்டைத் தவிர்த்துவிடுங்கள். கிண்டிலில் நூலை ஏற்றும்போதே அது வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் பொதுவகத்து ஒலியையோ காணொளியையோ வைத்து நிகழ்ச்சி செய்தால், அந்தப் பகுதியை, யூடியூபில் நகல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கண்டென்ட் ஐடியில் உங்களுடையதாகப் பதியாதீர்கள். அதைச் செய்தால் அதே ஒலியை முறையாகப் பயன்படுத்தும் இன்னொருவரின் காணொளிமேல் உரிமைக் கோரிக்கை விழும், அதைப் பொதுவகத்தில் ஏற்றியவரே மாட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆட்களின் முகம் இருக்கும் படங்களில் ஒரு எச்சரிக்கை. சிசி உரிமம் படம் எடுத்தவரின் உரிமையை மட்டுமே தருகிறது, படத்தில் இருப்பவரின் சம்மதத்தைத் தராது. வாழ்க்கைக் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தாளரின் படம் போடுவது வேறு, அதே படத்தை உங்கள் பயிற்சி மைய விளம்பரத்தில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

என்சி படம்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது?

கேளுங்கள். ஒரே ஆள் எடுத்த படம், ஒரே ஆள் எழுதிய கட்டுரை என்றால் அவர் உங்களுக்குத் தனி அனுமதி தரலாம், பணம் வாங்கியும் தரலாம், வாங்காமலும் தரலாம். எந்தப் படம், எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, என்ன விலை, பெயர் எங்கே வரும் என்று ஐந்து வரியில் எழுதி, அவர் பதிலை எழுத்தில் வாங்கி விரிதாளோடு சேர்த்து வையுங்கள். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பியும் விடுங்கள். பல பேர் சேர்ந்து எழுதிய விக்கிக் கட்டுரைக்கு மட்டும் இந்த வழி நடக்காது, யாராவது ஒருவர் எழுந்து உங்களுக்கு விலக்குத் தர முடியாது. என்னிடம் கேட்டால்கூட என் பத்திகளுக்கு மட்டும்தான் நான் பேச முடியும்.

ஏற்கெனவே அச்சடித்தாயிற்று என்றால்

நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும், அதற்குப் பிறகு விற்கிற ஒவ்வொரு பிரதியும் சாதாரணப் பதிப்புரிமை மீறல். ஆனால் 4.0 பதிப்பில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: தவறு உங்களுக்குத் தெரிந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்ப வந்துவிடும். அதற்கு முன் நடந்ததற்கு வழக்குப் போடும் உரிமை எழுதியவரிடம் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஒழுங்காகச் சரிசெய்தவர்மேல் வழக்குக்குப் போன பங்களிப்பாளர் யாரையும் எனக்குத் தெரியாது. 3.0இலும் அதற்கு முந்தையவற்றிலும் இந்த 30 நாள் சலுகை கிடையாது, எழுதியவரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். பழைய படங்கள் பல அந்தப் பதிப்புகளில்தான் இருக்கின்றன, அதனால்தான் பதிப்பு எண்ணையும் எழுதச் சொன்னேன்.

மின்னூல், செயலி, காணொளி விவரிப்பு ஆகியவற்றை அன்றைக்கே திருத்திவிடலாம். அச்சுப் பிரதிக்கு ஒட்டுச்சீட்டு. எங்கள் ஏரியை எடுத்த பதிப்பாளர் அதைத்தான் செய்தார். தொலைபேசியில் முதலில் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினார், வக்கீல் நோட்டீஸ் வருமோ என்று பயந்திருக்கிறார். நான் கேட்டது பெயரும் உரிமமும் மட்டும்தான் என்று தெரிந்ததும் எந்தெந்தப் பக்கம் என்று அவரே பட்டியல் கேட்டார். கடையில் போகாமல் குடோனில் இருந்த பிரதிகளின் இரண்டாம் பக்கத்தில், அந்தத் தடித்த வரிகளின் மேலேயே, ஆறு வரி அச்சடித்த வெள்ளைச் சீட்டை ஒட்டினார்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தபோது சீட்டின் ஓரத்தில் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை.